ராகுல்ஜி: தங்காத காலும் ஓயாத கையும்

(நூலக வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ராகுல் சாங்கிருத்தியாயன் என்றதும் தமிழ்நாட்டில் பலருக்கு நினைவுக்கு வருவது ஒரே ஒரு புத்தகம்தான்: 'வால்காவிலிருந்து கங்கை வரை'. நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தோடு பர்மாவில் இருந்தவரும், பின்னாளில் தமிழ்ப் புத்தகாலயத்தை நடத்தியவருமான கண. முத்தையாவின் மொழிபெயர்ப்பில் வந்தது. தொழிற்சங்க அலுவலகம், மாணவர் விடுதி, ஊர்ப் படிப்பகம் என்று கை மாறிக் கை மாறி, அட்டை கிழிந்து, நடுவில் நாலு தாள் காணாமல் போன பிறகும் விடாமல் படிக்கப்பட்ட புத்தகம். அதைப் படித்துவிட்டு இயக்கத்துக்குப் போனவர்கள் உண்டு, வரலாறு படிக்கப் போனவர்களும் உண்டு. ஆனால் அந்த ஒரு புத்தகத்தோடு நின்றுகொண்டால் ராகுலில் பெரும்பகுதியை நாம் பார்க்காமலே போய்விடுவோம்.

அவர் எழுதியவை நூறு நூல்களுக்கு மேல். நாவல், சிறுகதை, நாடகம், பயண நூல், தன்வரலாறு, பிறர் வரலாறு, தத்துவம், நாட்டு வரலாறு, அகராதி, பாலியிலிருந்து மொழிபெயர்ப்பு, சமஸ்கிருதத்தில் உரை, திபெத்திய மொழிக்குப் பாடநூல். வாழ்க்கையும் அப்படித்தான். பிறந்தபோது கேதார்நாத் பாண்டே. மடத்தில் சேர்ந்து ராமுதார் தாஸ் என்ற வைணவ சாது ஆனார். பிறகு ஆரிய சமாஜி, காங்கிரஸ்காரர், பௌத்த பிக்கு, கடைசியில் கம்யூனிஸ்ட். ஒன்றிலும் நிலைத்து நிற்காதவர் என்று அவரைப் பற்றிச் சொல்வதுண்டு. நான் அதை ஏற்கவில்லை. அவருக்கு ஒரு கேள்வி இருந்தது: இதை யார் படித்தாக வேண்டும்? அதற்கு விடை கண்டபின்தான் எந்த மொழி, எந்த வடிவம் என்று முடிவுசெய்தார். இன்று நான் சொல்ல வந்தது அதைத்தான்.

1893 ஏப்ரல் 9ஆம் தேதி, உத்தரப் பிரதேசத்து ஆசம்கட் மாவட்டத்தில், தாயின் ஊரான பந்தகாவில் பிறந்தார். வளர்த்தவர் தாய்வழித் தாத்தா, பட்டாளத்தில் இருந்தவர். தான் போய்வந்த ஊர்களைப் பற்றி அவர் சொன்ன கதைகள் பையன் மனதில் ஊறிவிட்டன. பள்ளியில் படித்தது உருது. உலகத்தைச் சுற்றிப் பார்க்கச் சொல்லும் ஈரடிக் கவிதை ஒன்று பாடப் புத்தகத்தில் இருந்தது. மற்ற பிள்ளைகள் அதை ஒப்பித்து மதிப்பெண் வாங்கினார்கள். இவர் அதை உத்தரவாகவே எடுத்துக்கொண்டார். பதின்வயதிலேயே வீட்டைவிட்டு ஓடிக் கல்கத்தா போனார். பிடித்துக்கொண்டு வந்தால் மறுபடி ஓட்டம்.

இடையில் வீட்டார் அவருக்குப் பால்ய விவாகம் செய்து வைத்திருந்தார்கள். அந்தத் திருமணத்தை அவர் கடைசி வரை ஒப்புக்கொள்ளவில்லை. குழந்தைத் திருமணத்தை மறுத்ததில் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த மறுப்பின் பாரம் முழுவதையும் சுமந்தவள் அந்தப் பெண். ஐம்பது வயது நிறையும்வரை ஆசம்கட் மண்ணை மிதிப்பதில்லை என்று சபதம் செய்துகொண்டு, 1943இல்தான் அவர் ஊர் திரும்பினார். அவரைக் கொண்டாடும்போது இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

பீகாரின் பர்சா மடத்தில் அடுத்த மகந்த், அதாவது மடத்தின் தலைவர், ஆகும் வாய்ப்பு வந்தது. நிலம், யானை, வருமானம் எல்லாம் உள்ள மடம். அங்கும் கால் தரிக்கவில்லை. 1913இல் தெற்கே யாத்திரை கிளம்பியவர், சென்னைக்குப் பக்கத்தில் நம் திருமழிசையில், வடநாட்டு வைணவர்களின் மடத்தில் வந்து தங்கினார். திருமழிசையாழ்வார் பிறந்த அதே ஊர்தான். அதன்பின் ஆக்ராவில் ஆரிய சமாஜப் பள்ளி. அங்கே அரபி படித்தார். பிற மதத்தாரோடு வாதம் செய்ய வேண்டுமானால் அவர்கள் வேதத்தை அவர்கள் மொழியிலேயே படிக்க வேண்டும் என்பது அந்தப் பள்ளியின் முறை. வாதம் பின்னால் உதிர்ந்துபோனது, மூலத்தை மூல மொழியில் படிக்கும் பழக்கம் மட்டும் நின்றது.

ஒத்துழையாமை இயக்கத்தில் சிறை. ஹசாரிபாக் சிறையில் அவர் எழுதியது, எதிர்காலத்தைக் கற்பனை செய்யும் 'பாயீஸ்வீ சதீ', அதாவது இருபத்திரண்டாம் நூற்றாண்டு. கதாநாயகன் தூங்கி விழிக்கும்போது இருநூறு ஆண்டுகள் கழிந்திருக்கின்றன. மார்க்சை அவர் ஆழ்ந்து படிப்பதற்கு முன்னரே எழுதிய நூல் அது. சமத்துவத்தின் மீதான ஆசை கம்யூனிஸ்ட் கட்சியிலிருந்து வந்ததல்ல, கட்சிக்கு முன்பே அவரிடம் இருந்தது என்பதற்கு அந்த நூலே சாட்சி.

1927இல் இலங்கை. களனிக்குப் பக்கத்தில் வித்யாலங்கார பிரிவேனை என்ற பௌத்தக் கல்விக்கூடத்தில் பிக்குகளுக்குச் சமஸ்கிருதம் சொல்லிக்கொடுத்தார், அவர்களிடம் பாலி கற்றுக்கொண்டார். பௌத்த மறைநூலான திரிபிடகம் முழுவதையும் படித்து முடித்தபோது, அவருக்குள் இருந்த ஆரிய சமாஜி இல்லாமல் போயிருந்தார். கூடவே ஒரு கவலையும் பற்றிக்கொண்டது. நாகார்ஜுனர், அசங்கர், திக்நாகர், தர்மகீர்த்தி போன்ற பௌத்த அறிஞர்கள் சமஸ்கிருதத்தில் எழுதிய நூல்களில் பெரும்பாலானவை இந்தியாவில் இல்லை. அவற்றின் திபெத்திய மொழிபெயர்ப்புகள் மட்டுமே மிஞ்சியிருந்தன. மொழிபெயர்த்தவர்கள் கொண்டுபோன மூல ஓலைகள் அங்கேயே எங்காவது கிடக்காதா? திபெத்துக்குப் போக அவருக்கு இருந்த காரணம் இதுதான்.

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

அப்போது ஓர் இந்தியர் நினைத்தவுடன் திபெத்துக்குள் போய்விட முடியாது. நேபாளத்துக்குள் நுழைவதே கடினம். சிவராத்திரிக்குப் பசுபதிநாதரைத் தரிசிக்க வருபவர்களை மட்டும் தடையின்றி விடுவார்கள். 1929இல் அந்தக் கூட்டத்தோடு கூட்டமாகக் காட்மாண்டு போய்ச் சேர்ந்தார். அங்கே மறைந்திருந்து, திபெத்திய உடை போட்டு, எல்லை தாண்டினார். வழித்துணை சுமதி என்று அவர் அழைத்த ஒரு மங்கோலிய பிக்கு. உயரம் பதினாறு, பதினேழாயிரம் அடி இருக்கும் கணவாய்கள். அந்த வழியில் கொள்ளைக்காரர்கள் முதலில் ஆளைக் கொன்றுவிட்டு, அப்புறம்தான் மடியில் காசு இருக்கிறதா என்று பார்ப்பார்களாம். ராகுலும் சுமதியும் அதற்கு ஓர் உபாயம் கண்டார்கள். சந்தேகப்படும்படியான முகம் எதிரே வந்தால் தொப்பியைக் கழற்றி, நாக்கை நீட்டி, 'குச்சி குச்சி' என்று இரக்கம் வேண்டிப் பிச்சை கேட்பது. பிச்சைக்காரனைக் கொன்று என்ன கிடைக்கப்போகிறது? காசி பண்டிதர்களோடு சமஸ்கிருதத்தில் வாதாடக்கூடிய மனிதர், நாக்கை நீட்டிக்கொண்டு அந்தக் கணவாயில் நின்றார்.

அதே பயணத்தில் இன்னொரு காட்சி. சுமதிக்கு வழிநெடுக சீடர்கள். புத்தகயாவிலிருந்து கொண்டுவந்த துணியைக் கிழித்து முடிச்சுப் போட்ட கயிறுகளை அவர்களுக்குத் தருவார். ஓர் இடத்தில் அவர் சீடர்களைப் பார்க்கப் போக விரும்பினார். அவர் போனால் நாட்கணக்கில் திரும்பமாட்டார் என்று பயந்து ராகுல் முதலில் தடுத்துவிட்டார். பிறகு சேகர் விகாரையில் ஒரு கோயிலுக்குள் போனார்கள். அங்கே கஞ்சூர், அதாவது புத்த வசனங்களின் திபெத்திய மொழிபெயர்ப்பு, 103 கட்டுகளாகக் கையெழுத்துப் பிரதியில் இருந்தது. கெட்டித் தாள், பெரிய பெரிய எழுத்து, ஒவ்வொரு கட்டும் பதினைந்து சேர் எடைக்குக் குறையாது. ராகுல் அவற்றின் நடுவில் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டார். சுமதி மறுபடி வந்து, சீடர்களைப் பார்த்துவிட்டு வரட்டுமா என்று கேட்டபோது, தாராளமாகப் போய்வாருங்கள் என்று சொல்லிவிட்டார். அவர் பயணத்தின் இயல்பு அந்தக் கோயிலில் தெரிந்துவிடுகிறது. மலையும் பனியும் அவருக்குப் பிடிக்கும்தான். ஆனால் அவர் கால் நின்ற இடமெல்லாம் ஏட்டுக் கட்டு இருந்த இடம்.

முதல் பயணத்தில் கோவேறு கழுதைகள் மீது ஏற்றிக்கொண்டு வந்த திபெத்திய நூல்களும் தங்கா ஓவியங்களும் பாட்னா அருங்காட்சியகத்துக்குப் போயின. தேடிப்போன சமஸ்கிருத ஓலைகள் அப்போது சிக்கவில்லை. இலங்கைக்குத் திரும்பி 1930இல் பிக்குவாகத் துறவு ஏற்றார். புத்தரின் மகன் பெயரான ராகுலை எடுத்துக்கொண்டு, தம் கோத்திரப் பெயரிலிருந்து சாங்கிருத்தியாயனைச் சேர்த்துக்கொண்டார். பிறகு 1934, 1936, 1938 என்று மறுபடி மூன்று தடவை திபெத். சாக்கியா, ஙோர், ஷாலு மடங்களின் பூட்டிய அறைகளில்தான் அவர் தேடியது கிடைத்தது. தர்மகீர்த்தியின் 'பிரமாணவார்த்திகம்', அதற்கு மனோரதநந்தி எழுதிய உரை, பிரக்ஞாகரகுப்தரின் விரிவுரை, அசங்கரின் 'யோகாசாரபூமி'. ஓலைகளை எடுத்துக்கொண்டு போக மடங்கள் சம்மதிக்கவில்லை. முடிந்ததைப் படம் பிடித்தார், மற்றதை உட்கார்ந்து கையாலேயே பிரதி எடுத்தார். பாட்னாவில் கே. பி. ஜயஸ்வால் என்ற பெரிய அறிஞரின் துணை இருந்ததால், அந்த ஓலைகளின் பட்டியலும் மூலமும் பீகார்-ஒரிசா ஆய்வுக் கழகத்தின் இதழில் வெளிவந்தன.

தமிழர்களாகிய நமக்கு இதில் ஓர் உரிமை உண்டு. திக்நாகர் காஞ்சிப் பக்கத்தைச் சேர்ந்தவர் என்றும், தர்மகீர்த்தியும் தென்னாட்டவர் என்றும் திபெத்திய மரபு சொல்கிறது. நம் 'மணிமேகலை'யின் இருபத்தொன்பதாம் காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்குச் சொல்வது பெரும்பாலும் பௌத்த அளவை நூல், திக்நாகர் வழி வந்த தர்க்கம். அந்த மரபில் பின்னால் எழுந்த மிகப் பெரிய நூல் 'பிரமாணவார்த்திகம்'. அதன் மூலத்தைத் தேடித்தான் ராகுல் ஷாலு மடம் வரை போனார். மணிமேகலையை ஆராய்பவர்கள் ராகுலின் பெயரை இன்னும் அதிகமாகச் சொல்ல வேண்டும் என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

இந்த வேலைக்கு வாசகர் யார்? பண்டிதர். ஆகவே சமஸ்கிருதப் பதிப்பு, சமஸ்கிருத உரை. திரிபிடகம் சாதாரண இந்தி வாசகருக்கும் சேர வேண்டும். ஆகவே 'மஜ்ஜிம நிகாய'மும் விநய பிடகமும் இந்தியில். நாடு நாடாகப் போன கதைகள் பத்திரிகை வாசகருக்கு. லண்டன், பாரிஸ், ஜெர்மனி, ஜப்பான், கொரியா, மஞ்சூரியா, ஈரான், சோவியத் ரஷ்யா என்று 1930களில் அவர் போன தேசங்களின் பயண நூல்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருந்தன. அவற்றில் சில அவசரமாக எழுதப்பட்டவை, இன்று படிக்கச் சலிப்புத் தட்டும். திபெத் நூல்கள் அப்படியல்ல.

பௌத்த தர்க்கத்தின் மாபெரும் அறிஞர் ஷெர்பாட்ஸ்கியின் அழைப்பில் 1937இல் லெனின்கிராடு போனவர், அங்கே மங்கோலிய மொழி அறிந்த லோலா என்ற ரஷ்யப் பெண்மணியை மணந்தார். மகன் இகோர் பிறந்தபோது ராகுல் அங்கே இருக்கவில்லை. போர் வந்தது. லெனின்கிராடு முற்றுகையில் பட்டினியும் குளிருமாக லட்சக்கணக்கானோர் மடிந்தார்கள். அதைத் தாயும் பிள்ளையும் கடந்து வந்தார்கள். மகனை அவர் முதன்முதலாகப் பார்த்தது 1945இல். இரண்டு ஆண்டு பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திவிட்டு 1947இல் கிளம்பி வந்துவிட்டார். பயணத்தை நான் எவ்வளவு நேசித்தாலும், அவர் விட்டுவிட்டு வந்தவர்களின் பக்கத்திலிருந்தும் அதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

இனி அவர் வாழ்வின் மற்றொரு திருப்பத்துக்கு வருகிறேன். 1939இன் தொடக்கத்தில் பீகார் சாரண் மாவட்டத்து அம்வாரி கிராமத்தில் குத்தகை விவசாயிகளின் நிலத்தை ஜமீன்தார் பிடுங்கிக்கொண்டார். திரிபிடகாசாரியார் என்று பட்டம் பெற்ற மனிதர் கரும்புத் தோட்டத்தில் இறங்கி, விவசாயிகளோடு கரும்பு வெட்டும் சத்தியாகிரகம் செய்தார். ஜமீன்தாரின் ஆள் தலையில் அடித்ததில் ரத்தம் கொட்டியது. அடித்தவனுக்குப் பதில் அடிபட்டவர் சிறைக்குப் போனார். அடுத்த ஆண்டு மறுபடி கைது. ஹசாரிபாக் சிறை, தேவ்லி தடுப்பு முகாம் என்று 1942 வரை உள்ளே.

அந்தச் சிறைவாசத்தில் அவர் எழுதிய நூல்களை அடுக்கிப் பாருங்கள். கிரேக்கம், இஸ்லாம், ஐரோப்பா, இந்தியா எல்லாவற்றின் தத்துவ வரலாற்றையும் ஒரே நூலில் சொல்லும் 'தர்சன் திக்தர்சன்'. 'மானவ சமாஜ்'. அதோடு 'வால்காவிலிருந்து கங்கை வரை'. கிறிஸ்துவுக்கு முன் 6000இல் தொடங்கி 1942இல் முடியும் 20 கதைகள். தத்துவ நூலைப் படிக்கப் பழக்கமில்லாதவர் கையில் அதே விஷயத்தைக் கதையாகக் கொடுத்துவிட வேண்டும் என்பதே நோக்கம்.

'பிரவாகணன்' கதையை எடுத்துக்கொள்ளுங்கள். உபநிடதத்தில் வரும் பாஞ்சால அரசன் பிரவாகண ஜைவலி. அவன் தன் மனைவி லோபாவிடம் தனிமையில் பேசுகிறான். பிரம்மம், மறுபிறவி என்ற கொள்கைகளை உண்டாக்கியது எதற்காக? உழைப்பவன் தன் வறுமையை முற்பிறவிப் பயன் என்று நம்பிவிட்டால், அரண்மனையின் செல்வத்தைக் கேள்வி கேட்கமாட்டான். மனைவி பதைபதைக்கிறாள், எதிர்த்து வாதாடுகிறாள். அந்தக் கதைக்காக ராகுலைத் திட்டாதவர்கள் குறைவு. உபநிடதத்தை இவ்வளவு நேர்கோட்டில் அரசாங்க சூழ்ச்சியாகக் காட்டுவது சரித்திரம் ஆகாது என்றுதான் நானும் நினைக்கிறேன். இருந்தாலும், ஆயிரக்கணக்கான வாசகர்கள் ஒரு தத்துவத்தைப் பார்த்து 'இதனால் யாருக்கு லாபம்?' என்று முதன்முதலில் கேட்டது அந்தக் கதையைப் படித்தபோதுதான்.

அந்த நூலின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். இனங்களைப் பற்றிய அதன் பார்வை அந்தக் காலத்துப் பார்வை. பொன்னிற முடி, நீலக் கண் என்ற வருணனை அலுக்கும் அளவுக்கு வருகிறது. கடைசிக் கதைகள் கதையாக நிற்காமல் மேடைப் பேச்சாகிவிடுகின்றன. அதோடு சிந்து சமவெளியின் நகர மக்களையும் தெற்கையும் அவர் போதிய அளவு பார்க்கவில்லை. திருமழிசையில் தங்கிப் போனவர் நம் சங்க இலக்கியத்துக்குள் ஒரு கதையாவது வைத்திருக்கக்கூடாதா என்று எனக்கு ஏக்கம் உண்டு.

சிறையிலிருந்து வந்த இன்னொரு வகை எழுத்து இங்கே அதிகம் தெரியாதது: போஜ்புரி நாடகங்கள். இந்தி இலக்கியத்தின் முன்வரிசையில் இருந்தவர், ஏட்டு இந்தி புரியாத குடியானவர்களுக்காகத் தம் தாய்மொழியில் நாடகம் எழுதினார். பெண்கள் படும் பாட்டைப் பற்றி ஒன்று. உழைப்பவனின் ரத்தத்தை உறிஞ்சுபவர்களைப் பற்றி 'ஜோங்க்', அதாவது அட்டை. 1944இல் வந்த 'பாகோ நஹீ, துனியா கோ பத்லோ' என்ற அரசியல் நூலும் அப்படித்தான். தலைப்பின் பொருள், ஓடாதே, உலகத்தை மாற்று. சந்தோகி, துக்கராம் என்ற கிராமத்தார் கேட்கிறார்கள், ஒரு அண்ணன் பதில் சொல்கிறார். பேச்சு வழக்கிலேயே மொத்தப் புத்தகமும் ஓடுகிறது. தர்மகீர்த்திக்குப் பாடபேதம் பார்த்த அதே கைதான் இதையும் எழுதியது. அந்தக் கைக்கு இரண்டும் ஒரே கடமை.

1947 டிசம்பரில் பம்பாயில் இந்தி சாகித்திய சம்மேளனத்துக்குத் தலைமை தாங்கினார். இந்தி, உருது, இஸ்லாமியர் பண்பாடு பற்றி அவர் எழுதி வைத்திருந்த உரையில் சில பகுதிகளைக் கம்யூனிஸ்ட் கட்சி ஏற்கவில்லை. மாற்றச் சொன்னார்கள், மறுத்தார். கட்சியிலிருந்து விலக நேர்ந்தது. பிரிவினையின் ரத்தம் காயாத நேரத்தில் அந்த உரை தேவையில்லாத ஒன்று என்பதே என் எண்ணம். உருதுவில் எழுத்தறிந்து, உருதுக் கவிதையால் வீட்டைவிட்டுக் கிளம்பியவர் அதைப் பேசினார் என்பது கூடுதல் வருத்தம். 1955இல் மறுபடி கட்சியில் சேர்ந்தார்.

பிறகு மசூரியில் வீடு, கமலா என்பவரோடு மணவாழ்க்கை, இரண்டு குழந்தைகள். தன்வரலாறு ஐந்து பாகமாக வளர்ந்தது. இரண்டு தொகுதிகளாக எழுதிய 'மத்ய ஆசியா கா இதிகாஸ்' 1958இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. ஊர் ஊராகத் திரிந்தவருக்கு நாடோடி இனங்கள் அலைந்த மத்திய ஆசியாவின் வரலாற்றுக்காக விருது கிடைத்தது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது. கடைசிக் காலத்தில் மறுபடி இலங்கை, அதே வித்யாலங்காரத்தில் பேராசிரியர். ஏற்கெனவே நீரிழிவு. 1961 இறுதியில் பக்கவாதம் தாக்கி நினைவு போய்விட்டது. எத்தனையோ மொழிகளில் நூல்களை நெஞ்சில் வைத்திருந்தவருக்கு அன்றாடச் சொற்களே கைவிட்டுப் போயின. மாஸ்கோவில் சிகிச்சை பலிக்கவில்லை. 1963 ஏப்ரல் 14இல் டார்ஜிலிங்கில் காலமானார். பத்மபூஷண் அறிவிக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான்.

அவர் படமெடுத்து வந்த ஓலைகள் மட்டும் ஓயவில்லை. பாட்னாவின் ஜயஸ்வால் ஆய்வு நிறுவனம் அவற்றிலிருந்து ஞானஸ்ரீமித்திரர், ரத்னகீர்த்தி போன்றோரின் நூல்களை வரிசையாகப் பதிப்பித்தது. இன்று வியன்னாவிலோ கியோட்டோவிலோ பௌத்த தர்க்கம் படிக்கும் மாணவர், அவர் பெயரைக் குறிப்பிடாமல் தர்மகீர்த்தியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிவிட முடியாது.

இங்கே இளைஞர்கள் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். ராகுலை எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், நான் 'வால்கா'வைச் சொல்லமாட்டேன். 'ஊர்சுற்றிப் புராணம்' என்று தமிழில் வந்திருக்கிறதே, 'குமக்கட் சாஸ்திர'த்தின் மொழிபெயர்ப்பு, அதிலிருந்து தொடங்குங்கள். ஊர்சுற்றுவதற்கு இலக்கணம் எழுதியிருக்கிறார். படித்து முடிக்காமல் கிளம்பாதே, அடுத்தவர் தலையில் பாரமாகாதே, முடிதிருத்துவது போல எந்த ஊரிலும் சோறு போடும் கைத்தொழில் ஒன்றாவது கற்றுக்கொள் என்று நடைமுறைக்கு ஆகும் விஷயங்களாகச் சொல்லிக்கொண்டு போகிறார். பெண்களும் தனியே உலகம் சுற்ற வேண்டும் என்று, 1940களின் இறுதியில், அதற்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார். வீட்டுக்கும் ஊருக்கும் பயந்து நிற்க வேண்டாம் என்று அதில் பெண்களிடம் நேராகவே பேசுகிறார். இந்த நூலகத்து அலமாரியில் பிரதி இருக்கிறதா என்று பொறுப்பாளரிடம் கேளுங்கள், இல்லையென்றால் வாங்கச் சொல்லுங்கள். இனி உங்கள் கேள்விகளுக்கு வருவோம்.